சொல்லிட்டுப் போ

மேற்பிரிவு, ஸ்பிரிங்வெளி
26 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி சுலோஜனாவுக்கு,

அக்கா கிருஷாந்தி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இந்தப் பொங்கலுக்கும் நீ வரவில்லை. உன் பங்கை அம்மா செம்பில் எடுத்து வைத்து மறுநாள் சாயங்காலம் வரை யாருக்கும் கொடுக்கவில்லை. புளித்துப் போனது.

கொழும்பில் நீ வேலை செய்கிற வீட்டம்மாவின் அலமாரியில் உன் போன் பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற ஐந்து நிமிடத்தையும் அம்மா அழுதே தீர்த்துவிடுகிறாள். அதனால் நீ கொடுத்த கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. தை பிறந்ததிலிருந்து நான் கங்காணி. சிரிக்காதே! நம் பிரிவில் கங்காணியான முதல் பொம்பளை நான்தான். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லோர் முன்னாலும் தோட்டத்துத் துரை என் பெயரைச் சொன்னார். இருபத்திரண்டு பேர் என் பொறுப்பு. “மூணு மாசம் பாக்குறேன், ஆள் குறையாம நடத்திக் காட்டு” என்றும் சொன்னார். நடத்திக் காட்டுவேன்.

கெட்ட செய்தி, என் கூட்டாளிகள் மூன்று பேரும் என்னிடம் பொய் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சுபாஜினி, தவமலர், ஜெயராணி. உனக்குத் தெரியாதா, பத்து வருடம் நாலு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்தோம். ஒருத்தி சோற்றில் ஒருத்தி கை வைத்துச் சாப்பிட்டோம். இப்போது நான் நிரைக்கு வெளியே புத்தகமும் கையுமாக நிற்கிறேன். ‘கிருஷா’ என்று கூப்பிட்டவளுகள் ‘அக்கா’ என்கிறாளுகள். மூன்று பேருக்கும் என் வயதுதான்.

போன சனிக்கிழமை கேட்டேன். “நாளைக்கு எங்கயாச்சும் போறீங்களாடி?” சுபாஜினி சொன்னாள், “எங்க போறது? துணி தொவைக்கணும்.” ஞாயிறு காலையில் சந்தியில் பார்க்கிறேன், மூன்று பேரும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஜெயராணி கல்யாணச் சேலையில். “தொவைக்கவா போறீங்க?” என்று கேட்டேன். “ஆமாக்கா, ஆத்துல தண்ணி நல்லாப் போகுதாம்” என்கிறாள் தவமலர். கல்யாணச் சேலையோடு துவைக்கப் போகிறவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

சின்னப் பொய்தான். ஆனால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நான் இப்படியே விடப் போவதில்லை, சுலோ. எனக்கு வேலையும் வேண்டும், அவளுகளும் வேண்டும். பொய் மட்டும் வேண்டாம்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா,
கிருஷாந்தி


கொழும்பு
10 பெப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

தங்கச்சி சுலோ எழுதிக்கொள்வது. உன் கடிதம் கண்டு சந்தோஷம். நான் நல்ல சுகம். அம்மாவின் காலுக்குச் சித்தாலேப தைலம் தேய்த்துவிடு.

எங்க அக்கா கங்காணி! இரண்டு முறை எழுந்து நின்று வாசித்தேன். இனி அந்தப் பெரட்டுக்களத்தில் ஆம்பிளைகள் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள்.

கூட்டாளிகள் விஷயத்தை விட்டுவிடேன் அக்கா. எங்கேயோ போனார்கள், வந்தார்கள். அவர்களுக்கும் ஏதாவது காரணம் இருக்கும். எல்லாப் பொய்யும் உன்னை ஏமாற்றச் சொல்வதில்லை. நீ தோண்டத் தொடங்கினால் நிறுத்த மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இங்கே வேலை அதிகம். காலையில் எழும்பித் தண்ணீரில் கை வைத்தால் விறைத்துப் போகிறது, அப்படிக் குளிர். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு முத்தம்.

சுலோ


மேற்பிரிவு, ஸ்பிரிங்வெளி
2 மார்ச் 2025

அன்புள்ள சுலோவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். கொழும்பில் ஏதுடி கை விறைக்கிற குளிர்? போன மாதம் கொழும்புக்குப் போய் வந்த நம் பூசாரி உடம்பெல்லாம் வேர்க்குருவோடு வந்து நிற்கிறார். காய்ச்சல் கீய்ச்சல் இருந்தால் மறைக்காமல் எழுது.

இங்கே பொய் நம்பர் இரண்டு. பதுளையில் கண் காட்டப் போவதாகத் தவமலர் லீவு கேட்டாள். “எந்தக் கண்?” என்று கேட்டேன். “ரெண்டும்” என்றாள். போய் வந்தவளிடம் மருந்துச் சீட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒரு பையில் வாழைப்பழக் கேக் இருந்தது. “பதுளையில வாங்கினேன், அம்மாவுக்குக் குடு” என்று என் கையில் திணித்தாள். எனக்கு வந்த கோபத்தில் நான் தொடவில்லை. அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டாள். “நம்ம சுலோ பக்குவம் மாதிரியே இருக்குடி” என்று வேறு சொன்னாள். அம்மாவுக்கு எதைத் தின்றாலும் உன் ஞாபகம்தான்.

ஆள் குறைந்தால் துரை என்னைத்தான் கேட்பார். அதனால் இப்போது லீவு கேட்கிற எல்லோரிடமும் காரணம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான், கூட்டாளி என்று பார்க்க மாட்டேன்.

முக்கியமான விஷயம். அப்புத்தளை மாமா சித்திரைக்கு வருகிறார். தன் மகன் கிஷாந்தனுக்கு உன்னைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று நிற்கிறார். அம்மா தன் தம்பிக்கு வாக்குக் கொடுத்தது உனக்குத் தெரிந்ததுதான். பையன் குடிப்பதில்லை, சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். சித்திரைக்கு எப்படியாவது வந்துவிடு.

உன் அக்கா,
கிருஷாந்தி


கொழும்பு
30 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். குளிர் என்று எழுதியது ஏசியை. வீட்டம்மா நாள் முழுக்கப் போட்டு வைக்கிறார்.

சித்திரைக்கு வர முடியாது. வீட்டம்மாவின் மகள் குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து வருகிறார். சமையல் முழுக்க நான்தான்.

அம்மா அந்தக் கேக்கை விரும்பிச் சாப்பிட்டாளா? இரண்டு துண்டுமா? சீனி கூடிவிட்டது என்று ஏதும் சொன்னாளா?

வேறு விசேஷம் இல்லை.

சுலோ


மேற்பிரிவு, ஸ்பிரிங்வெளி
27 ஏப்ரல் 2025

அன்புள்ள சுலோவுக்கு,

நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு எழுது. மாமா வந்தார், நீ இல்லாததால் ஆனி மாதம் வருகிறேன் என்று போய்விட்டார். கிஷாந்தனைப் பற்றி நான் எழுதியதற்கு நீ ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. கேக்கைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தாய். அதைப் பிறகு பேசுவோம். இன்று நான் எழுதப் போவதை உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சுபாஜினி அழுதுகொண்டே வந்தாள். கொஸ்லந்தவில் இருக்கிற அவள் அத்தை பெரியாயி செத்துப் போனாளாம். நாளைக்கு அடக்கமாம். மூன்று பேரும் போகிறோம் என்றாள். சாவுக்குக் காரணம் கேட்க முடியுமா? “போயிட்டு வாங்கடி” என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. நம் அப்பா செத்தபோது மூன்று நாளும் நமக்குச் சோறு பொங்கிப் போட்டது சுபாஜினி வீடு. சனிக்கிழமை என் வேலையை இன்னொரு கங்காணியிடம் ஒப்படைத்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். சாவு வீட்டில் அடுப்பு எரியாதல்லவா, வழக்கப்படி அரைக்கிலோ தேயிலை, ஒரு கிலோ சீனி, நாலு பிஸ்கட் பெட்டி. பதுளையில் ஒரு பஸ், பண்டாரவளையில் ஒரு பஸ், பெரகலயில் இறங்கி இன்னொரு பஸ். கொஸ்லந்த போய்ச் சேரும்போது மத்தியானம் திரும்பிவிட்டது.

லயத்து வீடுகளுக்கு ஏறுகிற படியில் கால் வைத்ததுமே நான் அழத் தொடங்கிவிட்டேன். அழாமல் உள்ளே போகக் கூடாதே. “அத்தே, எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே!” என்று குரல் எடுத்துக்கொண்டே ஏறுகிறேன். பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை, ஒரு நாய் மட்டும் குரைக்கிறது. வாசலில் ஒரு அம்மா கால் நீட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டு இருக்கிறார்.

“யாரும்மா நீ? யாரு எங்க போயிட்டா?”

“பெரியாயி அத்தை...”

“நாந்தான் பெரியாயி. நான் எங்கயும் போகலையே.”

சுலோ, பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. கையில் சீனி, முகத்தில் கண்ணீர். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கோபப்படுவார் என்று பார்த்தால் தேங்காயைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார், சிரிக்கிறார், புரையேறி இருமுகிற அளவுக்குச் சிரிக்கிறார்.

“எப்பச் செத்தேன்?”

“நேத்துன்னு சொன்னா.”

“ஸ்கூலுக்குப் போகாம இருக்க ரெண்டு தரம் என்னையக் கொன்னிருக்கா. இது மூணாவது. என்னையச் சாகடிச்சிட்டு இந்தத் தரம் எங்க போனாளாம்?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் கொண்டுபோன தேயிலையிலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சம்பலும் ரொட்டியும் போட்டார். வரும்போது ஒரு பை பலாக்கொட்டை கொடுத்தார். நான் பையை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்துவிட்டேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது அப்படி ஊறிப்போய்விட்டது. பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

“ஏய் பொண்ணு! சொல்லிட்டுப் போடி! நான் உசுரோடதான் இருக்கேன்!”

திரும்பி வந்து, “போயிட்டு வாறேன் அத்தே” என்று சொன்னேன். சொல்லும்போது நிஜமாகவே அழுகை வந்தது. மூன்று பஸ்ஸிலும் அந்த அழுகை நிற்கவில்லை. இனி பொறுக்க முடியாது. நாளைக்கு மலையில் வைத்து மூன்று பேரையும் நேருக்கு நேர் கேட்கப் போகிறேன்.

உன் அக்கா,
கிருஷாந்தி


29 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நீ கொஸ்லந்த வரைக்கும் போய் அலைந்தது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அக்கா, காலைப் பிடித்துக் கேட்கிறேன், அவர்களை இதற்கு மேல் கேட்காதே. எல்ல ஊரில் ரயில் பாலம் பார்க்கத்தானே போனார்கள். அதற்குப் போய் பத்து வருடக் கூட்டாளிகளை முறித்துக்கொள்வாயா?

எழுத்து கோணலாக இருக்கும். அவசரத்தில் எழுதுகிறேன்.

சுலோ


மேற்பிரிவு, ஸ்பிரிங்வெளி
5 மே 2025

சுலோவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகக் கேட்கிறேன்.

இந்த உறைக்குள் இரண்டு கடிதம் இருக்கும். 27ஆம் திகதி எழுதிய ஒன்று, இது ஒன்று. 27ஆம் திகதிக் கடிதத்தை நான் தபாலில் போடவே இல்லை. மலைக்குக் கொண்டுபோகிற பையில் புத்தகத்துக்கு நடுவே அப்படியே கிடந்தது. போடாத கடிதம் உனக்கு எப்படியடி கிடைத்தது?

முதலில் மலையில் நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம் மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் பலாக்கொட்டைப் பையை நடுவில் வைத்தேன். அவித்து உப்புப் போட்டுத்தான் கொண்டு போனேன்.

“என்னக்கா இது?” என்றாள் ஜெயராணி.

“பெரியாயி அத்தை குடுத்துவிட்டாங்க. சாப்பிடுங்க.”

சுபாஜினி முகத்தில் ரத்தம் இல்லை. தவமலர் முதலில் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். நான் சத்தம் போடவில்லை. “உங்களுக்காக வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு மூணு பஸ் மாறிப் போனேன்டி” என்று மட்டும் சொன்னேன்.

சுபாஜினிதான் வாயைத் திறந்தாள். “நீ காரணம் கேக்குற. ‘சும்மா’ன்னு சொன்னா முகத்தைத் தூக்கி வெச்சுக்குற. காரணம் கேட்டுக்கிட்டே இருந்தா நாங்க காரணம் செஞ்சுதான் குடுக்கணும். சின்னதாச் செஞ்சோம், உனக்குப் பத்தல. பெருசாச் செஞ்சோம்.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் சொன்னதில் பாதி சரி. புத்தகத்தை மூடி வைத்தேன். “சரி, இனிமே காரணம் கேக்க மாட்டேன். வரமாட்டோம்னு முதல் நாளே சொல்லுங்க, நான் ஆளை மாத்திக்கிறேன். மாத்த முடியாட்டி முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. ஆனா எவளும் எவளையும் சாகடிக்கக் கூடாது. உங்க கதை எல்லாத்தையும் என் தங்கச்சிக்கு எழுதிட்டேன்.” மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். “சனிக்கிழமை எங்க போனீங்க?” என்று கடைசியாக ஒரு முறை கேட்டேன். சுபாஜினி தலையை ஆட்டிவிட்டாள். “அது எங்க பொய்யில்ல கிருஷா. இன்னொருத்திக்குக் குடுத்த வாக்கு” என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு என்னைக் கிருஷா என்று கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. தோட்டத்துத் தபாலை இப்போது நான்தான் ஆபீசிலிருந்து வாங்கி வந்து என் ஆட்களுக்குக் கொடுக்கிறேன். எழுத்தெல்லாம் கோணல். எல்ல என்று ஒரு ஊர்ப் பெயரை நான் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. நீ எழுதியிருக்கிறாய். உறையைத் திருப்பிப் பார்த்தேன். முத்திரையில் எல்ல தபால் கந்தோர்.

பண்டாரவளை பஸ் அன்று கும்பல்வெல சந்தியில் பத்து நிமிடம் நின்றது. அங்கிருந்து நீ மூன்று கிலோமீட்டர். நான் உன்னைத் தாண்டிப் போய், உயிரோடு இருக்கிற ஒருத்திக்காக அழுதுவிட்டு, மறுபடி உன்னைத் தாண்டி வந்திருக்கிறேன்.

நாளைக்கே எல்லக்கு வந்து ஒவ்வொரு கதவாகத் தட்ட எனக்குத் தெரியும். தட்ட மாட்டேன். இன்னொரு தடவை அழைக்காத வாசலில் போய் நிற்க என்னால் முடியாது. அம்மாவுக்கும் சொல்லவில்லை. ‘சுலோ எப்படி இருக்காளாம்?’ என்று அம்மா கேட்கும்போது ‘இருக்கா’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறேன். எனக்கு இது பழக்கமில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. வேறு விலாசம் தெரியாததால் இதைக் கொழும்புக்கே அனுப்புகிறேன். இங்கிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்துக்கு இந்தக் கடிதம் கொழும்பைச் சுற்றி வரட்டும்.

கிருஷாந்தி


எல்ல
8 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதப் போனேன். இப்போதுதான் சுகமாகி வருகிறேன் என்பது சரி. ஏப்ரல் 25ஆம் திகதி காலையில் கொதிக்கிற எண்ணெய் வலது கையில் கொட்டிவிட்டது. அன்றைக்கு அந்தக் கோணல் எழுத்து இடது கை. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

கொழும்பு வீட்டுக்காரர்கள் போன செப்டெம்பரிலேயே வெளிநாடு போய்விட்டார்கள். நல்ல மனுஷர்கள், என் போனை அவர்கள் பூட்டியதே இல்லை. அது என் கையில்தான் இருக்கிறது. வீடியோவில் வா என்று நீங்கள் கேட்டால் மலை தெரியுமே என்று பயந்து நான் கட்டிய கதை அது. கொழும்பில் அந்த வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் நிற்கிற றுஷ்தா என் சிநேகிதி. உன் கடிதங்களை அவள் எனக்கு அனுப்புவாள், என் பதிலை அங்கே தபாலில் போடுவாள். அந்த ஒரு கடிதத்தைத்தான் அவசரத்தில் நானே இங்கே போட்டேன்.

இங்கே ஒரு தங்குமிடத்தில் சமையல்கட்டில் இருக்கிறேன். சமையல் வகுப்புக்கும் போகிறேன், டிசம்பரில் சோதனை. ஜனவரியில் உன் கூட்டாளிகள் பாலம் பார்க்க வந்த இடத்தில் நான் மரக்கறி வாங்கிக்கொண்டு எதிரே நின்றேன். ஓடக்கூட முடியவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவர்கள் சொன்ன பொய் எல்லாம் எனக்காக. தவமலர் கொண்டு வந்த கேக் நான் சுட்டது. பெரியாயி அத்தைக்கு அடக்கம் என்று சொன்ன சனிக்கிழமை மூன்று பேரும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மருந்து கட்டி, என் துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நீ மலையில் கேட்ட அன்று சாயங்காலம் போனில் எல்லாவற்றையும் சொன்னார்கள். உன் கடிதம் வந்திருக்கும் என்று நினைத்துத்தான் ‘கிடைத்தது’ என்று எழுதினேன்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை? போன ஆகஸ்டில் போனில் உன்னிடம் சொன்னேன், “எனக்குக் கிஷாந்தன் வேணாம்க்கா.” நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “அம்மா வாக்குக் குடுத்தாச்சு. வேணாம்னா காரணம் சொல்லு.” என்னிடம் காரணம் இல்லை அக்கா. அவன் கெட்டவன் இல்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். அது உனக்குப் போதாது என்று தெரிந்த பிறகு, லீவு இல்லை, விருந்தாளி வருகிறார்கள் என்று உனக்குப் போதுமான காரணமாகச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன். கிட்ட இருந்தால் வீட்டுக்கு இழுத்துவிடுவீர்கள். கொழும்பு தூரம், அதனால் கொழும்பில் இருந்தேன்.

நீ பொய் சொல்ல மாட்டாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை இனி நீயே பார்த்துக்கொள். நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்.

சுலோ


மேற்பிரிவு, ஸ்பிரிங்வெளி
5 ஜூலை 2025

என் தங்கச்சி சுலோவுக்கு,

கை முழுக்க ஆறியதா? தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. நான் சுகம். அம்மாவும் சுகம், ஆனால் ஆறு நாளாக என்னோடு பேசவில்லை.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. ‘காரணம் சொல்லு’ என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னபோது அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது. நீ சொன்னது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. மன்னித்துவிடடி.

போன ஞாயிறு மாமா வந்தார். வெற்றிலைத் தட்டோடு வந்தார். அம்மா சோறு போடுவதற்கு முன்னால் நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். “மாமா, சுலோ கொழும்புல இல்ல, எல்லயில இருக்கா. அவ உங்க மகனைக் கட்டிக்க மாட்டா.”

“ஏன், அவனுக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல மாமா. அவளுக்கு வேணாம், அவ்வளவுதான்.”

“அதெல்லாம் ஒரு காரணமா?”

“ஆமா மாமா. அது போதும்.”

துரை முன்னால்கூட நான் அப்படிப் பேசியதில்லை. மாமா இலையில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டார். அம்மா அழுதாள், என் தம்பி முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்றாள். ஆனால் நேற்று அம்மா சந்தையில் வாழைப்பழம் வாங்கி வந்து, யாரையோ கேட்கிற மாதிரி சுவரைப் பார்த்துக் கேட்டாள், “அந்தக் கேக்குக்கு எத்தனை பழம் போடுவாளாம்?” அம்மா வழிக்கு வருவாள். நாள் எடுக்கும்.

மூன்று மாதம் என்ற துரை ஐந்து மாதம் பார்த்துவிட்டு என்னையே கங்காணியாக வைத்துக்கொண்டார். நான் காரணம் கேட்பதை விட்ட பிறகு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், ஆள் குறையவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை, என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்ளட்டும்!

இன்று நடந்ததைக் கேள். காலைப் பெரட்டு முடிந்து சுபாஜினி என்னிடம் வந்து நின்றாள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிறாள்.

“கிருஷா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் வேலைக்கு நாங்க மூணு பேரும் வரல. எல்லக்குப் போறோம்.”

“சரி.”

“உன்னையக் கூப்பிடல.”

ஏன் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. அவளே சொன்னாள், “நீ வந்தா அவ எங்ககிட்டப் பேசுற மாதிரிப் பேச மாட்டா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.” பொய் சொல்லியிருந்தால் எனக்கு நோகாமல் இருந்திருக்கும். நோகட்டும் என்று இருந்துவிட்டேன். “போயிட்டு வாங்கடி, பஸ் காலையில ஆறரைக்கு” என்றேன். மூன்று பேருக்கும் பதில் வேறு மூன்று பேரை எழுதிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை அவளுகள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். முத்திரையும் இல்லை, கொழும்பும் இல்லை. கூடப் பலாக்கொட்டையும் இருக்கிறது, பெரியாயி அத்தை கொஸ்லந்தவிலிருந்து மறுபடி அனுப்பியது. சாவுக்கு வந்த பொண்ணைப் பிடித்துப் போய்விட்டதாம்.

13ஆம் திகதி ஞாயிறு நான் எல்லக்கு வரலாம் என்று நினைக்கிறேன். தனியாக வருவேன். வரட்டுமா?

உன் அக்கா,
கிருஷா


எல்ல
6 ஜூலை 2025

அன்பு அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது, வலது கையால்தான் எழுதுகிறேன். சுபாஜினி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பக்கத்திலேயே நிற்கிறாள். உன் கடிதத்தை அவர்கள் முன்னாலேயே படித்து அழுதுவிட்டேன்.

13ஆம் திகதி வராதே, அக்கா. வேலை இருக்கிறது, விருந்தாளி வருகிறார்கள் என்று எழுத இரண்டு முறை பேனாவை வைத்தேன். வேலை இல்லை, யாரும் வரவில்லை. உன்னைப் பார்க்க எனக்கு இன்னும் கொஞ்சம் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

20ஆம் திகதி வா. கும்பல்வெல சந்தியில் நான் வந்து நிற்கிறேன். கேக்குக்கு நாலு பழம், நன்றாகக் கனிந்தது, என்று அம்மாவிடம் சொல்.

போயிட்டு வாறேன் அக்கா.

சுலோ